சித்திரவதையில் சித்திரம் எங்கே?

“படம் வரையச் சொல்லியா தொல்லை கொடுத்தார்கள், தாத்தா?” சிங்கப்பூரின் டோபி காட் அருகே, பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் இருந்த இடத்தின் நினைவுக்கல் முன் நின்று பேத்தி கேட்டாள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய ராணுவக் காவல்படையான கெம்பெய்த்தாய் இங்கே சித்திரவதை செய்தது என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன்.

இந்தச் ‘சித்திரம்’ ஓவியம் அன்று. வடமொழியில் ‘சித்ர’ என்றால் பலவிதமான என்றும் பொருள். கோயிலில் தரும் சித்திரான்னத்தில் இருப்பது அதுதான்: புளி, எலுமிச்சை, தேங்காய் என்று பலவகைச் சோறு. (இதைச் சொல்லியிருக்க வேண்டாம், பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது.) ‘வதை’ என்றால் முதலில் கொலை, கீசகவதை நினைவிருக்கும். அர்த்தசாஸ்திரம் மரண தண்டனையை ‘சுத்தம்’, ‘சித்திரம்’ என்று பிரிக்கிறது. வேதனையின்றிக் கொல்வது சுத்தம். வதைத்துக் கொல்வது சித்திரம்.

ஆக, அன்று இச்சொல்லின் முடிவு சாவு. இன்றோ ஆளைச் சாகவிடாமல் வைத்திருப்பதே அதன் கைத்திறன். செத்தவன் வாக்குமூலம் தரமாட்டான். போரின்போது சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியரின் கப்பல்களைத் தகர்த்தவர்கள் வெளியிலிருந்து வந்த நேச நாட்டுப் படையினர். கெம்பெய்த்தாய் உள்ளூரில் ஆள் தேடியது. 1943 அக்டோபர் 10 தொடங்கி 57 பேரைப் பிடித்தது. 15 பேர் மாண்டார்கள். வயிறு வீங்கும்வரை நீர் புகட்டுவது கெம்பெய்த்தாயின் முறைகளில் ஒன்று. 1946இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் இதற்காக எட்டுப் பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2002இல் அமெரிக்க உளவுத்துறை, கைதியின் முகத்தைத் துணியால் மூடி நீரூற்றியபோது அதற்கு இட்ட பெயர் ‘மேம்படுத்தப்பட்ட விசாரணை முறை’. மேம்பாடாம்!

ஆங்கிலத்தின் ‘torture’க்குச் சரியான தமிழ் எது? ‘டார்ச்சர்’ வீட்டுப்பாடத்துக்கே செலவாகிவிட்டது. முறுக்குதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. அந்த வலி இப்போது அதில் இல்லை. ‘துன்புறுத்தல்’ தூய தமிழ்தான், ஆனால் பணிப்பெண்ணை அடித்த வழக்குக்கும் பாலியல் தொல்லைக்கும் போய்விட்டது. குறளின் ‘இன்னா செய்தல்’ அண்டை வீட்டுக்காரருக்கும் பொருந்தும். 1984ஆம் ஆண்டு ஐநா உடன்படிக்கை சொல்வது வேறு: வாக்குமூலம் பெறவோ தண்டிக்கவோ மிரட்டவோ, வேண்டுமென்றே, அரசு அதிகாரியின் கையாலோ ஒப்புதலோடோ இழைக்கும் கடும் வேதனை, உடல் வேதனையோடு மன வேதனையும் சேர்த்தி. இவ்வளவையும் தாங்க, வடசொல் ஆனாலும் ‘சித்திரவதை’யே என் தேர்வு. செய்தித் தலைப்பில் இடம் போதாவிட்டால் ‘வதை’ போதும்; வதைமுகாம், வதைபட்டார் என்று எளிதாக ஒட்டிக்கொள்ளும்.