பழைய பதிவேட்டை லேமினேட் செய்யாதீர்கள்

இந்த வருடமும் ஒரு பள்ளி. மதுரையிலிருந்து அதிக தூரமில்லை, நூறு வயதைத் தாண்டிய போர்டிங் பள்ளி. ஆண்டு விழாக் கண்காட்சிக்காகப் பழைய மாணவர்கள் கைக்காசு போட்டு, சேர்க்கைப் பதிவேட்டின் தையலைப் பிரித்து, தாள் தாளாக லேமினேட் செய்துவிட்டார்கள். "இனிமே அசையாது சார்" என்று பெருமையாகக் காட்டினார்கள். நல்ல மனசோடு செய்த காரியம், திட்டவும் முடியவில்லை.

ரேஷன் கார்டுக்கு லேமினேஷன் சரி. போனால் வேறு வாங்கலாம். பதிவேட்டுக்கு அது ஆகவே ஆகாது. மெஷின் சூட்டில் பசை உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். கெடுதல் எல்லாம் வெளியிலிருந்துதான் வருகிறது என்ற நினைப்புதான் இதற்கெல்லாம் காரணம். மரக்கூழில் செய்த பழைய தாளுக்குள்ளேயே அமிலம் உண்டு. அந்தக் காலத்தில் இரும்பு உப்பு சேர்த்துச் செய்த மை இன்னும் மோசம், எழுத்து இருந்த இடத்தில் ஓட்டையே விழும். பிளாஸ்டிக்கில் அடைத்தால் இரண்டும் உள்ளேயே இருந்து அரிக்கும். மேலே மட்டும் பளபளக்கும்.

கண்காட்சியில் வைக்கத்தான் வேண்டுமென்றால் பாலியெஸ்டர் உறை போதும். அது ஒட்டாது, நாளை உருவிவிடலாம். பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான்: செய்ததைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். செலோடேப்புக்கும் அதே கதை. தயவுசெய்து வேண்டாம்.

சேர்க்கைப் பதிவேட்டுக்காவது இந்த மரியாதை கிடைக்கிறது. சாப்பாட்டுக் கணக்கும் வார்டன் நோட்டும் எடைக்குப் போகின்றன. 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் என்ற கிறிஸ்தவ சபை, திருமங்கலத்தில் தொடங்கிய செமினரியை (மிஷன் வேலைக்கு ஆள் தயாரிக்கும் பள்ளி) 1845-ல் பசுமலைக்கு மாற்றியது. அந்தக் காலத்திலிருந்து இந்தப் பக்கம் எத்தனையோ பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்திருக்கிறார்கள். எந்த ஊர்ப் பிள்ளை, அப்பா என்ன வேலை, பாதியில் ஏன் நின்றது என்பதெல்லாம் வேறெங்கே இருக்கும்? 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு போட்டார்கள் என்பதைச் சமையல் கணக்குதான் சொல்லும், மார்க் லிஸ்ட் சொல்லாது.

ஆனால் இதையெல்லாம் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். சாதி, நோய், கட்டாத ஃபீஸ் எல்லாம் அதில் இருக்கும். பேரப்பிள்ளைகள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். மேலே தண்ணீர்க் குழாய் போகும் அறை வேண்டாம். அந்துருண்டையை நம்பாதீர்கள், கூட்டிப் பெருக்கினாலே பாதிப் பூச்சி போய்விடும். ஐப்பசி மழையில் நனைந்தால் வெயிலில் காயப்போடாதீர்கள். நிழலில், ஃபேன் காற்றில், நனைந்த அன்றே. இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஸ்கேன் செய்யுங்கள், நல்லது. அதற்காக மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நகல் என்று கணக்கில் வைக்காதீர்கள், அது சுருங்கிப் போன படம்.

ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டீர்களா? அயர்ன் பாக்ஸ் வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள் (அதையும் பார்த்தாயிற்று). ஸ்கேன் எடுத்துவிட்டு, வெளிச்சம் படாத, சூடில்லாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். மீதிப் பதிவேடுகளைத் தையலோடு அப்படியே விட்டுவிடுங்கள்.