மாரடைப்புக்கு அப்புறம் வெள்ளையணு கூடினால் கிருமியா?

"டாக்டர், அப்பாவுக்கு வெள்ளையணு 14,000னு வந்திருக்கு. ரத்தத்துல கிருமி ஏறிடுச்சா?" மாரடைப்பு வந்து அட்மிட் ஆனவரின் லேப் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி மகனோ மருமகனோ கேட்பது இது. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். ரத்தப் புற்றுநோயோ என்று பயந்து இரவெல்லாம் தூங்காதவர்களும் உண்டு.

பெரும்பாலும் இரண்டுமே இல்லை. ரத்தக்குழாய் அடைபட்டு இதயத் தசை செத்துப்போனால், அந்தச் செல்களிலிருந்து கசியும் பொருள்களே வெள்ளையணுக்களை வரவழைத்துவிடும், கிருமி தேவையே இல்லை. வழக்கமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும் எண்ணிக்கை சில மணி நேரத்திலேயே ஏறும், ஒரு வாரத்தில் தானாக இறங்கும். கூடவே லேசான காய்ச்சலும் வரலாம். இதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனாலோ, சளி கட்டினாலோ, ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ அது வேறு விஷயம், அப்போது கிருமியைத் தேடத்தான் வேண்டும்.

முதலில் வந்து சேர்வது நியூட்ரோபில் என்கிற வெள்ளையணு. செத்ததைக் கரைத்து அப்புறப்படுத்தும். ஆனால் அது கக்கும் நொதிகள் பக்கத்தில் உயிரோடு இருக்கும் தசையையும் கொஞ்சம் பதம் பார்த்துவிடும். சரி, அதை அடக்கிவிட்டால் என்ன என்று 1970களில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை, காயம் ஆறுவது கெட்டுப்போகும் என்ற பயம்தான் மிச்சம். ஏனென்றால் அடுத்து வரும் மேக்ரோஃபேஜ் என்கிற வெள்ளையணுக்கள்தான் மிச்சக் குப்பையையும் விழுங்கிவிட்டு, தழும்பு உருவாக வழி செய்கின்றன. தழும்பு இறுக ஆறேழு வாரம் ஆகும். முதல் வாரத்தில் இதயத்தின் அந்தச் சுவர், ஆற்றுக்கரை உடைந்த இடத்தில் அப்போதுதான் அள்ளிப்போட்ட ஈரமண் மாதிரி. அபூர்வமாகக் கிழிந்துவிடும், கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். குறுவை நடவு நிற்கிறது, வயலை ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்புகிறவர்களை நான் தடுப்பது இதனால்தான்.

எவ்வளவு தசை சாகிறதோ அவ்வளவுக்குத் தழும்பும் பெரிதாகும். நெஞ்சு வலியை வாய்வு என்று நினைத்து சோடா குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்திருந்த நேரமெல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்று, வலி மாத்திரை. மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுக்கொள்வது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். மாரடைப்பு வந்தவருக்கு அவை ஆகாது. காயம் ஆறுவதைக் கெடுக்கலாம், மறுபடி அடைப்பு வரும் வாய்ப்பையும் கூட்டும். வலித்தால் பாராசிட்டமால், அதுவும் கேட்டுவிட்டு. அழற்சியைக் குறைக்கும் கோல்ச்சிசின் மாத்திரை மாரடைப்பு வந்தவருக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. 2019ல் வந்த ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மைதான், 2024ல் வந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

"வலி மாத்திரை கூடாதுன்னு சொன்னீங்களே" என்று ஆஸ்பிரினையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சின்ன மாத்திரை வலிக்கு இல்லை, ரத்தம் உறையாமல் இருக்க. ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவர் அதைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும்.