மெய்நிகர் செல்லம்

தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள் தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். தனக்குப் பிடித்த பொருள் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். திரையில் குஞ்சு வளர்க்கும் தன் முட்டை வடிவப் பொம்மையான தமகோச்சியை மேசையில் வைத்து, "அம்மா, வெர்ச்சுவல் பெட்டுக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். "மெய்நிகர் செல்லப்பிராணி" என்றேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "மூச்சே இல்லாததுக்குப் பிராணின்னு பேரா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. பிராணி என்பது வடமொழிச் சொல். பிராணன் என்றால் மூச்சு, உயிர். அதை உடையது பிராணி. உயிர் இல்லாத ஒன்றைப் பிராணி என்று சொல்வதில் சொல்லே தன்னை மறுத்துவிடுகிறது.

'வெர்ச்சுவல்' லத்தீனின் 'விர்ட்டூஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆற்றல், மேன்மை என்பது அதன் பொருள். வடிவத்தில் இல்லாவிட்டாலும் ஆற்றலில், விளைவில் இருப்பது என்ற பொருள் பிறகு அமைந்தது. கணினித் துறை எடுத்துக்கொண்டது அந்தப் பொருளைத்தான். 'பெட்' ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பேச்சுவழக்கு. கையால் பாலூட்டி வளர்த்த ஆட்டுக்குட்டியையும் அங்கே அப்படிச் சொன்னார்கள்.

'மெய்நிகர்' எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல். தமிழில் மெய் என்றால் உண்மை, உடம்பும் மெய்தான். உண்மைக்கு நிகரானது என்று பிரித்தாலும் பொருந்துகிறது, உடம்புக்கு நிகரானது என்று பிரித்தாலும் பொருந்துகிறது. 'மாயச் செல்லம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. மாயம் என்றால் ஏமாற்று என்ற வாடை வந்துவிடுகிறது. குழந்தை யாரிடமும் ஏமாறவில்லை; அது பொம்மை என்று அவளுக்குத் தெரியும்.

தமகோச்சியை ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1996 நவம்பரில் வெளியிட்டது. 'தமாகோ' என்றால் ஜப்பானிய மொழியில் முட்டை. அதோடு கைக்கடிகாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். முட்டை வடிவக் கருவியில் சின்னத் திரை, அதன் கீழே மூன்று பொத்தான்கள். முட்டை பொரிந்து குஞ்சு வரும். பசித்தால் கூப்பிடும். ஊட்ட வேண்டும், விளையாட வேண்டும், கழிவைத் துடைக்க வேண்டும், தூங்கினால் விளக்கை அணைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். உருவாக்கிய அகிஹிரோ யோகோயிக்கும் அகி மைதாவுக்கும் 1997இல் பொருளியலுக்கான இக் நோபல் பரிசு, அதாவது நோபலைக் கேலி செய்யும் வேடிக்கைப் பரிசு, கிடைத்தது. பல மில்லியன் மணி நேர மனித உழைப்பை இந்தச் செல்லங்களை வளர்ப்பதில் திருப்பிவிட்டதற்காக அந்தப் பரிசு.

இதில் 'வளர்ப்பது' என்ற வினை தமிழில் இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்வதைக் கவனியுங்கள். நாம் நாய் 'வைத்திருக்கிறோம்' என்பதைவிட நாய் 'வளர்க்கிறோம்' என்றுதான் சொல்வோம். பிள்ளைக்கும் அதே வினைதான், செடிக்கும் அதே வினைதான்.

எங்கள் வீட்டில் இது வந்த காரணம் எளியது. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க நெடுங்காலம் அனுமதி இல்லை. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமமும் மைக்ரோசிப்பும் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். செய்தி வந்த அன்றே மகள் பெயர்கூட யோசித்துவிட்டாள். ஆனால் அவளுக்கு வீசிங் உண்டு. பூனை முடி பட்டால் இரவெல்லாம் இருமல். அப்புறம்தான் தமகோச்சி வாங்கினோம். எம்ஆர்டி ரயிலில் அது 'பீப்' என்றதும் பள்ளிப்பையைத் துழாவி எடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துவாள். அந்த அக்கறை பொய்யில்லை.

ஆனாலும் பூனைக்கு அது ஈடாகாது. 'ஒன்றறிவதுவே உற்றறிவதுவே' என்கிறது தொல்காப்பியம். புல்லுக்கும் மரத்துக்கும்கூடத் தொட்டால் உணரும் அந்த முதல் அறிவு உண்டு. முட்டைக்குள் இருப்பதற்கு அது இல்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துப் பூனை மகளின் காலில் உரசிவிட்டுப் போகும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். அது எந்தத் திரையிலும் கிடைக்காது.

அதனால் 'பிராணி'யை எடுத்துவிட்டு 'மெய்நிகர் செல்லம்' என்று எழுதலாம் என்பது என் கருத்து. உயிர் அங்கே இல்லை, செல்லம் இருக்கிறது. 'மெய்நிகர் செல்லம் வளர்க்கிறாள்' என்று வாக்கியத்தில் போட்டாலும் இடறவில்லை. சோனியின் ஐபோ ரோபோ நாய்க்கும், முதுமை மறதி உள்ளவர்களுக்குத் துணையாகத் தாதிமை இல்லங்களில் வைக்கப்படும் பாரோ என்ற ரோபோ கடல்நாய்க்கும் இந்தச் சொல் பொருந்தாது. அவற்றைத் தொடலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம், மெய் இருக்கிறது. அவை இயந்திரச் செல்லங்கள்.

மாமியாரிடம் புதுச் சொல்லைச் சொன்னேன். "செல்லம்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.