கினிப்பன்றி வாங்குமுன் அதன் வாயையும் வயிற்றையும் அறிந்துகொள்ளுங்கள்

நீளமான ஓர் அருகம்புல்லைக் கினிப்பன்றியின் முகத்துக்கு நேரே நீட்டிப் பாருங்கள். நுனியை முன்பற்களால் நறுக்கென்று கவ்வும். அதன்பிறகு கால்களால் பிடிக்காது, தலையை ஆட்டாது. புல் மட்டும் மெல்ல மெல்ல வாய்க்குள் இழுபட்டுக்கொண்டே போகும். தாடையைக் கவனித்தால் அது முன்னும் பின்னுமாக நகர்வது தெரியும். அம்மியில் குழவியை இழுத்துத் தள்ளுவது போன்ற அசைவு அது. பக்கத்தில் காதை வைத்தால் அரைபடும் சத்தமும் கேட்கும்.

இந்தப் பிராணியை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த அரைப்பைத்தான். கூண்டின் நிறம், விளையாட்டுப் பொருள், பெயர் எல்லாம் பிறகு.

பெயரில் பன்றி இருந்தாலும் அது பன்றி இனம் அல்ல. கினி நாட்டிலிருந்து வந்ததும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில், இன்றைய பெரு, பொலிவியா, ஈக்வடார் நாடுகளில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காகப் பழக்கப்படுத்தப்பட்ட கொறிவிலங்கு. கெச்சுவா மொழியில் 'குயி' என்பார்கள். அங்கே இன்றும் அது விருந்துணவு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன பிறகே அது செல்லப்பிராணி ஆனது. ஊர் மாறியது, உடல் மாறவில்லை. குளிர்ந்த மலைச்சரிவில் நார் மிகுந்த முரட்டுப் புல்லை நாள் முழுதும் மென்று வாழ்வதற்கென்று அமைந்த உடல் அது.

அதன் வாயில் 20 பற்கள். இருபதுமே சாகும்வரை வளர்ந்துகொண்டிருப்பவை. நம் அம்மி தேய்ந்தால் கொத்த வேண்டியிருக்கிறது. கினிப்பன்றியின் அம்மியோ தேயத்தேய வளர்கிறது. ஆனால் தேய்மானம் நின்றுவிட்டால் வளர்ச்சி நிற்காது. புல்லை மெல்லும்போதுதான் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று நீண்ட நேரம் உராய்கின்றன. புல்லில் இருக்கும் சிலிக்காவும் சேர்ந்து தேய்க்கிறது. கடையில் விற்கும் குச்சித் தீவனம் நான்கு கடியில் பொடியாகிவிடும். பல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த பெண் கினிப்பன்றிக்கு இதுதான் நேர்ந்தது. வாங்கிய இடத்தில் "இந்தத் தீவனமும் கேரட்டும் போதும்" என்றார்கள். நானும் மேற்கொண்டு விசாரிக்காமல் அதையே கொடுத்துவந்தேன். சில மாதங்கள் கழித்து அது தட்டருகே ஓடிவரும், கேரட்டை வாயில் எடுக்கும், உடனே கீழே போட்டுவிடும். மறுபடி எடுக்கும், மறுபடி போடும். தாடையின் கீழே எச்சில் வழிந்து முடி ஒட்டிக்கிடந்தது. பசி இருக்கிறது, விழுங்க முடியவில்லை. முன்பற்களைப் பார்த்தேன்; ஒழுங்காகவே இருந்தன.

கால்நடை மருத்துவர் சிறு விளக்கை வாய்க்குள் செலுத்திக் காட்டியபோதுதான் விளங்கியது. கினிப்பன்றியின் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இயல்பாகவே நாக்கின் பக்கம் சாய்ந்திருக்கும். தேயாமல் விட்டால் இரு பக்கத்துப் பற்களும் உள்நோக்கி வளர்ந்து நாக்கின்மேல் பாலம்போல் மூடிவிடும். நாக்கு அடியில் சிக்கிக்கொண்டால் உணவைப் பின்னுக்குத் தள்ள வழியில்லை. மயக்க மருந்து கொடுத்துப் பற்களைத் தேய்த்துவிட்டார்கள். அதன்பின் ஒரு வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த உணவைக் கடைவாய் ஓரம் சொட்டுச்சொட்டாக விட்டேன். பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த வேதனை அதற்கு நேர்ந்திருக்கவே வேண்டியதில்லை.

எனவே உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும். இரவும் பகலும் கூண்டில் தீராமல் இருக்க வேண்டும். திமோத்தி என்னும் வெளிநாட்டு உலர்புல் பொட்டலங்களில் கிடைக்கிறது. அருகம்புல் நம் மண்ணிலேயே விளைவது. பச்சையாகவும் காயவைத்தும் தரலாம். பூச்சிமருந்து படாத, நாய்கள் நடமாடாத இடத்துப் புல்லாகப் பார்த்து, அலசிக் கொடுங்கள். நெல் வைக்கோலைப் புல்லுக்கு ஈடாக எண்ண வேண்டாம்; அதில் சத்து மிகக் குறைவு. குதிரைமசால் என்னும் தீவனப்பயிர் இதற்கு நேர்மாறு, சத்து கூடுதல், குறிப்பாகக் கால்சியம். குட்டிகளுக்கும் சினையாக இருப்பவைக்கும் அது நல்லது. வளர்ந்தவற்றுக்குத் தினமும் கொடுத்தால் சிக்கல். கினிப்பன்றியின் குடல் உணவிலுள்ள கால்சியத்தைத் தாராளமாக உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. அது தேங்கினால் சிறுநீர்ப்பையில் கல்.

வாயை அடுத்து வயிறு. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அதற்கு ஒரு பெரிய பை இருக்கிறது. கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அங்கே புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அங்கே உருவாகும் பி வைட்டமின்களும் புரதமும் முதல் சுற்றில் வீணாகிவிடக் கூடாது என்பதால், மென்மையான ஒருவகைப் புழுக்கையைக் கினிப்பன்றி நேரடியாக வாயால் எடுத்து உண்ணும். பார்ப்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கலாம். தடுக்காதீர்கள், அது அதன் உணவு.

இந்தக் குடல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் நலம். நார் உள்ளே போகப் போக, முன்னே போனது நகரும். உணவு நின்றால் குடல் அசைவு குறையும், வாயு சேரும், வலி வரும், வலியால் இன்னும் உண்ணாது. கினிப்பன்றியால் வாந்தி எடுக்கவும் முடியாது. நாய் ஒருவேளை சாப்பிடாவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று விடுகிறோம். கினிப்பன்றி அரை நாள் புல்லைத் தொடவில்லை என்றாலே மருத்துவரை அழைக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் அந்தப் பையிலுள்ள நல்ல நுண்ணுயிரிகளை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரக்கும். சில நாட்களில் மரணம். 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு பென்சிலினைச் சோதித்தது எட்டுச் சுண்டெலிகளில். நோய்க்கிருமி செலுத்தப்பட்ட எட்டில், மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன. பெறாத நான்கும் செத்தன. அன்று கூண்டில் இருந்தவை கினிப்பன்றிகளாக இருந்திருந்தால், மனித குலத்தைக் காத்த அந்த மருந்தைக் கொடிய நஞ்சு என்று ஒதுக்கியிருக்கவும் கூடும்.

மருத்துவ வரலாற்றில் கினிப்பன்றிக்கு இன்னொரு பெரிய இடம் உண்டு. 1907இல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர், பெரிபெரி நோயை விலங்கில் உண்டாக்கிப் பார்க்க எண்ணிக் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டுமே கொடுத்தார்கள். வந்தது பெரிபெரி அல்ல. வைட்டமின் சி குறைவால் வந்து கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி. பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே குளுக்கோஸிலிருந்து செய்துகொள்கின்றன. அந்த வேலையின் கடைசிப் படிக்கு வேண்டிய நொதி கினிப்பன்றிக்கு இல்லை. நமக்கும் இல்லை. இரு வம்சங்களும் வெவ்வேறு காலத்தில் தனித்தனியே அதை இழந்தவை. வைட்டமின் சி கண்டறியப்பட்டதில் இந்தப் பொதுக் குறைபாட்டுக்குப் பெரும் பங்குண்டு.

ஆகவே நாள்தோறும் உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி உணவிலிருந்து கிடைத்தாக வேண்டும். குறைந்தால் மூட்டு வீங்கும், பின்னங்காலை இழுத்து நடக்கும், ஈறில் ரத்தம் கசியும். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பது பயன் தராது. வெளிச்சத்தில் வைட்டமின் விரைவில் சிதையும், சுவை மாறினால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். தீவனத்தில் சேர்த்திருக்கும் வைட்டமினும் தயாரித்த தேதியிலிருந்து மூன்று மாதம் போனால் நம்பத்தக்கதல்ல. சிவப்புக் குடைமிளகாய் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று, கொஞ்சம் கொத்தமல்லித் தழை, இவ்வளவு போதும். கொய்யாவில் வைட்டமின் சி ஏராளம், சர்க்கரையும் உண்டு. வாரத்துக்கு ஒன்றிரண்டு சின்னத் துண்டுகள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, பால், தயிர்சாதம் எதுவும் ஆகாது.

ஒன்றாக வாங்காதீர்கள். கூட்டமாக வாழும் உயிர் அது. தனிமை அதை வாட்டும். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதற்குச் சட்டமே இடம் தருவதில்லை. முயல் அதற்குத் துணையாகாது. உதைத்து எலும்பை முறித்துவிடும், மூச்சு நோயையும் பரப்பும். இரண்டு பெண்கள் ஒத்துப்போகும். ஆனால் கடையில் "இரண்டும் பெண்தான்" என்பதை நம்பிவிடாமல் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். பெண் குட்டி ஏறத்தாழ ஒரு மாத வயதிலேயே சினையாகலாம். முதல் ஈற்று ஆறேழு மாதத்தைத் தாண்டிப்போனால் இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிடும். குட்டி வெளிவர வழியின்றித் தாயும் சாகக்கூடும்.

வெயிலும் பெரிய எதிரி. வியர்க்காத உடல்; 18 முதல் 24 டிகிரி வரை இதமாக இருக்கும், 28ஐத் தாண்டினால் ஆபத்து. சென்னையிலோ மதுரையிலோ கத்திரி வெயிலில் மொட்டைமாடி அறையிலும் பால்கனியிலும் கூண்டை வைப்பது கொலைக்குச் சமம். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையை ஒதுக்குங்கள். பக்கவாட்டில் உடைந்த மண்பானையைக் கவிழ்த்துவைத்தால் நல்ல நிழல் குகை. உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகே போட்டால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

நோயை மறைப்பது இரையாகும் விலங்குகளின் இயல்பு. எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, உட்காரவைத்து எடை பார்த்து நோட்டில் எழுதுகிறோம். சென்ற வாரம் 920 கிராம், இந்த வாரம் 860 என்றால், அது துள்ளிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்த மருத்துவரைப் பிராணி வருவதற்கு முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஆடு மாடும் நாயும் பூனையும் பார்க்கிறவர்கள் பலர். கினிப்பன்றியைக் கையாண்டவர்கள் சிலரே. தொலைபேசியில் அழைத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கினிப்பன்றியின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துத் தேய்த்துவிட உங்களிடம் கருவி இருக்கிறதா? சளி பிடித்தால் எந்த ஆன்டிபயாடிக் கொடுப்பீர்கள்? இரண்டுக்கும் தெளிவான பதில் வந்த பிறகு கூண்டுக்கு அளவெடுக்கலாம். இரண்டு கினிப்பன்றிகளுக்கு ஏழரைச் சதுர அடியாவது வேண்டும். தரை கம்பிவலையாக இருக்கக் கூடாது.