நெவியூசியா: சொல் விளக்கம்

ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடிப் பேரினத்தின் பெயர் நெவியூசியா. இன்று உயிரோடிருப்பவை இரண்டே சிற்றினங்கள். இரண்டும் அமெரிக்காவில் மட்டுமே இயல்பாக வளரும் அரிய பூம்புதர்கள்.

ரூபன் டென்டன் நெவியஸ் என்ற பாதிரியாரின் பெயரிலிருந்து பிறந்த சொல் இது. அலபாமா மாநிலத்து டஸ்கலூசா அருகே, பிளாக் வாரியர் ஆற்றை ஒட்டிய பாறைச் சரிவில் 1857-இல் அவர் இதைக் கண்டார். மறு ஆண்டே தாவரவியலாளர் ஆசா கிரே, அவர் பெயரோடு 'இயா' என்னும் லத்தீன் ஈற்றைச் சேர்த்துப் பேரினப் பெயராக்கினார். மக்னோல் என்பவரின் பெயர் மக்னோலியா ஆனதும் இவ்வாறே. முதல் சிற்றினமான அலபாமென்சிஸ், பெயரில் அலபாமாவுக்கு உரியது என்றாலும் டென்னசி, ஆர்கன்சா, மிசிசிப்பி மாநிலங்களிலும் திட்டுத்திட்டாக உண்டு. இரண்டாவதான கிளிஃப்டோனியை 1992 வரை எவரும் இனங்காணவில்லை. கலிபோர்னியாவில், சாஸ்டா ஏரிப் பகுதியில் மட்டுமே அது வளர்கிறது. அந்த ஏரியோ அணை கட்டித் தேக்கிய நீர். அணையை மேலும் உயர்த்தும் திட்டம் நிறைவேறினால், செடி எஞ்சியிருக்கும் இடங்களிலும் சில மூழ்கிவிடும். இவ்வளவு காலம் கழித்துக் கண்ணில் பட்ட செடியை அப்படி இழப்பது பெருங்கொடுமை.

தமிழில் என்ன சொல்வது? ஆள் பெயரால் அமைந்த அறிவியல் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது; நெவியூசியா என்றே எழுதலாம். வழக்குப் பெயருக்குத்தான் தமிழ் வேண்டும். ஆங்கிலத்தில் இந்தச் செடியை ஸ்னோ ரீத் (snow-wreath) என்பார்கள்; அதன் பொருள் பனி வளையம். 'பனிமாலை' என்று உடனே எழுதிவிடத் தோன்றும். ஆனால் நமக்குப் பனி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மார்கழிப் பனிதான். இங்கே குறிப்பது வெண்பனி. மாலை கழுத்தில் தொங்குவது. தலையில் வட்டமாகச் சூடுவதற்குக் கண்ணி என்ற சொல் நம்மிடம் எப்போதோ உண்டு. புறநானூற்றின் கடவுள் வாழ்த்து, சிவனின் தலையில் கொன்றைக் கண்ணியையும் மார்பில் கொன்றைத் தாரையும் (தார் என்பது மார்பில் அணியும் மாலை) வைத்து இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. கண்ணிக்கு வலை என்ற பொருளும் உண்டுதான். பூவின் பெயரில் அந்தக் குழப்பம் வராது. ஆகவே வெண்பனிக்கண்ணி என்பதே என் தேர்வு.

'வெள்ளிதழ்' என்று தொடங்கும் பெயர் எதுவும் இதற்கு ஆகாது. இந்தப் பூவுக்குப் பெரும்பாலும் அல்லி இதழே கிடையாது. கிளை முழுக்க வெண்பனி படிந்ததுபோல் தெரிபவை, நெருக்கமாக நீண்டு நிற்கும் மகரந்தத்தாள்கள். சிற்றினங்களைப் பிரித்துச் சொல்ல அலபாமா வெண்பனிக்கண்ணி, சாஸ்டா வெண்பனிக்கண்ணி என்று ஊர்ப் பெயரை முன்னே சேர்த்தால் போதும்.