கீறலே விழாமல் பழுதான மெஷின்

மாமி வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீடு மாறியபோது, முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினும் லொறியில் போனது. போர்வை சுற்றி, கயிறு கட்டி ஏற்றியதால் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கியது. மூன்றாம் மாதம், உடுப்புப் பிழியும்போது ஹெலிகொப்டர் மாதிரி இரையத் தொடங்கியது. திருத்த வந்தவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேரிங் போயிட்டுது. ஏத்தேக்க பின்னால நாலு போல்ட் பூட்டினீங்களோ அம்மா?" என்று கேட்டார்.

அந்த மெஷினுக்குள் உடுப்புச் சுழலும் தொட்டி ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. பயணத்தின்போது அதை அசையாமல் பிடிப்பதற்குத்தான் அந்தப் போல்ட்டுகள். வாங்கிய அன்றே கழற்றிய அவை பழைய வீட்டு லாச்சிக்குள் கிடந்தன.

ஸ்பிரிங்கில் தொங்கும் எதற்கும் தனக்கென்று ஒரு ஆடும் வேகம் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் சிறுபிள்ளைகூட உயர ஆட்டிவிடும். பள்ளிக்கூடத்தில் பரிவு என்று படித்தது இதைத்தான். இலைவில் (உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்) பூட்டிய லொறியின் உடம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 2 முதல் 5 தடவை மேலும் கீழும் ஆடும். உள்ளே இருக்கும் பாகத்தின் தாளமும் அதற்குக் கிட்ட வந்தால் சின்னக் குலுக்கலே பெரிய ஆட்டமாகிவிடும். அரைவாசி வெறுமையான லொறி இன்னும் மோசம். பாரம் குறைந்தால் வில் விறைத்து நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செக்கனுக்கு 3 ஆட்டம், 10 மணித்தியால ஓட்டம்: ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. கம்பியை ஒருமுறை வளைத்தால் முறியாது, திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும். 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளை வைத்து இதை அளந்தவர் ஜெர்மானியப் பொறியியலாளர் ஓகஸ்ட் வோலர். உருக்குக்கு ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழான சுமையை எத்தனை தடவை கொடுத்தாலும் அநேகமாகத் தாங்கும். அலுமினியத்துக்கும், இலத்திரனியல் பாகங்களைப் பலகையில் ஒட்டும் ஈயப்பற்றுக்கும் அப்படித் தெளிவான எல்லை இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் ஆயுளில் கொஞ்சம் தின்னும். இலத்திரனியல் பலகையில் உயரமான கப்பாசிட்டர்களின் அடியில் வெள்ளைப் பசை அப்பியிருப்பது அவை ஆடாமல் இருக்கத்தான். பலர் அதைக் கசிவு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள்.

பேரிங்கின் கதை விசித்திரமானது. சுழலும்போது குண்டுகளுக்கிடையே கிரீஸ் பரவிக்கொண்டே இருக்கும். சுழலாமல் நின்ற இடத்திலேயே அதிர்ந்தால், தொடும் இடத்திலிருந்து கிரீஸ் விலகி, உலோகம் உலோகத்தோடு உரசி, குண்டு நின்ற இடமெல்லாம் குழி விழும். டெட்ரொயிட்டிலிருந்து ரயிலில் ஏற்றிய புத்தம் புதுக் கார்களின் சக்கர பேரிங்குகளில் இதே குழிகள் காணப்பட்டன. ஓடாமலேயே தேய்ந்த கார்கள்!

ஒரே அடியில் நடப்பது வேறு. புறக்கோட்டையில் நாட்டாமையின் தோளிலிருந்து ஒரு மீற்றர் கீழே நழுவும் பெட்டி 5 மில்லிமீற்றருக்குள் நின்றால், புவியீர்ப்பைப் போல் சுமார் 200 மடங்கு அமர்முடுகல் (வேகம் குறையும் வீதம்). 5 சென்ரிமீற்றர் நசுங்கக்கூடிய ரிஜிபோம் இருந்தால் அது 20 மடங்காகக் குறையும். ஆனால் ஒருமுறை நசுங்கிய ரிஜிபோம் மறுமுறை அப்படிக் காக்காது.

சரி, குலுக்கல் விட்டு வைத்ததை ஈரம் பார்த்துக்கொள்ளும். 30 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று 30 கிராம் அளவு நீராவி தாங்கும். 20 பாகையில் 17 கிராம்தான். மீதி தண்ணீராகும். துறைமுக வெயிலில் காய்ந்த கொள்கலனுக்குள் மரப்பலகையும் அட்டைப்பெட்டியும் ஈரத்தைக் கக்கும். இரவில் கூரை குளிர்ந்ததும் அந்த ஈரம் துளித்துளியாகச் சரக்கின் மேல் சொட்டும். கடற்காற்றில் வரும் உப்போ, ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையும். கொழும்பில் பெரும்பாலான இரவுகளில் அந்த அளவு தாண்டுகிறது. அதிர்வில் பூச்சு வெடித்த இடம் எதுவோ, உப்புநீர் நுழைவதும் அங்கேதான்.

சுமார் 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து இரவோடிரவாகக் கொழும்புக்கு இறங்கிய கணினியை வந்தவுடன் பிரித்தால், குளிர்ந்த பலகை மேல் பனி கோத்துவிடும். பெட்டியை மூடியபடியே சில மணித்தியாலம் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அப்புறம் பிரித்து மின்சாரம் கொடுக்கலாம்.