கற்பூரவல்லியில் கற்பூரம் மணக்கிறதா?

கற்பூரவல்லிச் செடியின் அருகே சும்மா நின்றால் பெரிதாக வாசம் எதுவும் வராது. ஒரு இலையை விரலால் லேசாகத் தேய்த்துவிட்டு முகர்ந்து பாருங்கள், நெடி மூக்கில் ஏறும். இவ்வளவு நேரம் அது எங்கே இருந்தது?

இலையின் மேல் படர்ந்திருக்கும் பூனைமுடியில்தான். அந்த முடிகளில் பல வெறும் முடிகள் அல்ல, சுரப்பிகள். நுனியில் குட்டித் தலை போல இருக்கும் செல்கள் எண்ணெயைத் தயாரித்து, தங்களுக்கு மேலே உள்ள மெல்லிய மெழுகுத்தோலுக்கு அடியில் சேமிக்கின்றன. செல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அந்த எண்ணெய் செடியின் செல்லையே கெடுத்துவிடும். விரல் பட்டதும் மெழுகுத்தோல் கிழிகிறது, எண்ணெய் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது.

இந்தச் செடிக்கு ஓமவல்லி என்றும் பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், வேதியியலும் அதன் பக்கம்தான் நிற்கிறது. இதன் எண்ணெயில் மணத்துக்கு முக்கியமாகக் காரணமானவை கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு சேர்மங்கள். ஓமத்தின் வாசமும் தைமாலால் வருவதுதான்.

இந்த இரண்டும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். ஆறு கார்பன் கொண்ட வளையம் ஒன்று, அதில் ஒரு பக்கம் ஒற்றைக் கார்பன் கிளை, எதிர்ப்பக்கம் மூன்று கார்பன் கிளை. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி பெரிய கிளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் தைமால், சிறிய கிளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கார்வக்ரால். இந்த ஒரு இடமாற்றத்துக்கே தைமால் சாதாரண வெப்பநிலையில் படிகமாக இருக்கிறது, கார்வக்ரால் திரவமாக இருக்கிறது.

சரி, கற்பூரம்? அதிலும் 10 கார்பன்தான், ஆனால் கூண்டு போல மடங்கிய வேறொரு வடிவம். ஐந்து கார்பன் துண்டுகள் இரண்டை இணைத்து இந்தப் பத்தைக் கட்டுவது தாவர உலகம் முழுக்கக் காணப்படும் உத்தி. இப்படிப் பிறக்கும் டெர்பீன் குடும்பத்தை ஒழுங்குபடுத்திக் காட்டிய ஓட்டோ வாலக்குக்கு 1910-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கற்பூரவல்லியில் முதலில் காமா-டெர்பினீன் என்ற டெர்பீன் உருவாகிறது, அப்புறம் நொதிகள் அதை தைமாலாகவோ கார்வக்ராலாகவோ மாற்றுகின்றன. எந்த நொதி அதிகம் வேலை செய்கிறது என்பது செடிக்குச் செடி வேறுபடும். அதனால் இந்த எண்ணெயில் இது இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

எண்ணெயைப் பிரித்தெடுக்கும் விதமும் அழகானது. இந்த இரண்டு சேர்மங்களும் தனியாகக் கொதிக்க 230 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். ஆனால் நீராவியைச் செலுத்தினால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே எழுந்து வந்துவிடுகின்றன. ஒன்றோடொன்று கலக்காத திரவங்கள் தத்தம் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே தருகின்றன. இரண்டும் சேர்ந்து காற்றின் அழுத்தத்தை எட்டினால் போதும், கொதிநிலை வந்துவிடும். ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் நீரின் மேல் மிதக்கும்.

இலையை மென்றால் வாயில் ஒரு கதகதப்பு வரும், கவனித்திருக்கிறீர்களா? அது வாசனை அல்ல. நம் தோலிலும் வாயிலும் டிஆர்பிவி3 என்ற புரதக் கதவு இருக்கிறது. இதமான சூட்டில் திறப்பது அதன் வேலை. கார்வக்ராலும் தைமாலும் சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகின்றன. மிளகாயின் கேப்சைசின் இதன் உறவினரான டிஆர்பிவி1-ஐத் திறப்பது போலத்தான்.

செடி இதையெல்லாம் நமக்காகச் செய்யவில்லை. கார்வக்ரால் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வில் கரைந்து அதை ஓட்டையாக்கும், உள்ளே இருக்கும் அயனிகள் கசியும். ஆய்வகத் தட்டில் இது தெளிவாகத் தெரிகிறது. உடலுக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. செறிந்த எண்ணெயை நீர்க்கச் செய்யாமல் தோலில் பூசவே கூடாது, எரிச்சலும் புண்ணும் வரும்.

இலையைத் தேய்த்த விரலைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். முதலில் வந்த நெடி மாறியிருக்கும். காமா-டெர்பினீன் போன்ற லேசானவை முதலில் பறந்துவிடுகின்றன. ஹைட்ராக்சில் தொகுதி மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து வைப்பதால் கார்வக்ராலும் தைமாலும் மெதுவாகத்தான் கிளம்புகின்றன. கடைசியில் விரலில் மிஞ்சுவது ஓம வாசம்.